மாம்பழத் தோலுக்கு ஒரு தொட்டி

நாகரசம்பட்டி
11-12-1987

அன்புள்ள தாஹிராவுக்கு,

சாந்தம்மா எழுதுவது. கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. கிழிப்பதென்றாலும் படித்துவிட்டுக் கிழி. இந்த இன்லேண்டு லெட்டர் வாங்க மூன்று முறை தபால் ஆபீஸ் வரை போய் வெறுங்கையோடு திரும்பியிருக்கிறேன்.

நீ ஓசூருக்குக் குடி போய் ஐந்து மாதம் ஆகிறது. போகும்போது என் வீட்டு வாசல் வழியாகத்தான் வண்டி போயிற்று. பாத்திரம், பாய், பிள்ளைகள் இரண்டு பேர், எல்லாம் தெரிந்தது. உன் முகம் மட்டும் அந்தப் பக்கம் திரும்பியிருந்தது. நான் முறத்தோடு வாசலில் நின்றதை நீ பார்த்தாய் என்றுதான் நினைக்கிறேன்.

மனு எழுதிப் போட்டது நான்தான். அதை மறைக்கவில்லை. மாங்கூழ் கம்பெனியின் தோலும் சாறும் கால்வாய் வழியாக வந்து என் கிணற்றில் இறங்கிவிட்டன. தண்ணீர் கறுத்து நுரை கட்டிவிட்டது. எருமைகூட முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. பிறகு நான் என்ன செய்வது? கழிவுக்கு ஒரு வழி செய்யும் வரை மெஷின் ஓடக் கூடாது என்று அதிகாரிகள் சீசன் நடுவிலேயே பூட்டுப் போட்டுவிட்டார்கள். அவ்வளவு தூரம் போகும் என்று நான் எண்ணவில்லை. நாற்பது பெண்களுக்கு வேலை போயிற்று என்று ஊரே சொல்கிறது. அந்த நாற்பதில் நானும் ஒருத்தி என்று ஒருவரும் சொல்வதில்லை. எட்டு சீசன் நாம் இரண்டு பேரும் ஒரே மேஜையில் எதிரெதிரே நின்று தோல் சீவினோம். அதையாவது நினைத்துக்கொண்டு மேலே படி.

வந்த விஷயம் இது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் பிளாக் ஆபீஸில் போட்டுக் கொடுத்த சாண கேஸ் தொட்டி உனக்குத் தெரியும். ஆடிக் காற்றில் நீலம் பழமெல்லாம் கொட்டி, அழுகி, ஈ மொய்த்துக் கிடந்தது. எங்கே போடுவதென்று தெரியாமல் ஒரு கூடையைச் சாணத்தோடு கரைத்துத் தொட்டியில் ஊற்றிவிட்டேன். "நல்லா இருந்த தொட்டியக் கெடுத்துட்டயா" என்று என் வீட்டுக்காரர் வெங்கடப்பன் ஒரு நாள் முழுக்கக் கத்தினார். நாலாம் நாள் அடுப்பு முன்னைவிடப் பெரிதாக எரிந்தது. களி கிண்டி, குழம்பு வைத்து, வெந்நீரும் போட்ட பிறகும் கேஸ் மிச்சம். அப்புறம் அவரே கூடையைத் தூக்கிக்கொண்டு பழம் பொறுக்கப் போனார். தொட்டியிலிருந்து வெளியே வந்த கசடைக் கேழ்வரகுக்கு விட்டோம். அந்தப் பாத்தியில் மட்டும் கதிர் கனத்து வளைந்து நின்றது.

இதைக் கம்பெனி முதலாளியிடம் போய்ச் சொன்னேன். சூப்பர்வைசர் கங்கப்பன் முதலில் சிரித்தார். முதலாளி சிரிக்கவில்லை. பெரிய தொட்டி ஒன்று கட்டிக் காட்டினால் அடுத்த சீசனுக்கு அனுமதி கேட்டுப் பார்க்கிறேன் என்றார். குழி வெட்டவும் செங்கல் வைக்கவும் இங்கே ஆள் இருக்கிறது. கேஸைப் பிடித்து வைக்கும் பெரிய இரும்பு டிரம் செய்யத்தான் ஆள் இல்லை. ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் எல்லாம் வீண். உன் வீட்டுக்காரர் ஜமீர் அகமது வெல்டிங் வைத்தால் தண்ணீர்கூடக் கசியாது. அவரைக் கொஞ்சம் கேட்டுச் சொல்.

சாந்தம்மா

*

ஓசூர்
20-12-1987

சாந்தம்மா அவர்களுக்கு,

தாஹிரா எழுதுவது. கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை.

நீங்கள் வாசலில் நின்றதைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் திரும்பிக்கொண்டேன்.

எட்டு சீசன் ஒரே மேஜை என்று எழுதியிருக்கிறீர்கள். அதே மேஜையில் நிற்கிற எனக்கு, மனுப் போடப் போகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை. ஜீப் வந்து நின்ற பிறகுதான் எனக்கே தெரியும். மற்ற பெண்கள் என்னைச் சுற்றிக்கொண்டு, "உன் சிநேகிதக்காரிதானே, உனக்குத் தெரியாமலா இருக்கும்?" என்று கேட்டார்கள். மேஜைக்கு மேஸ்திரி நான். எனக்கே தெரியாது என்றால் ஒருத்தியும் நம்பவில்லை. அந்த அவமானத்தை நீங்கள் ஒரு நாளும் அறிய மாட்டீர்கள். ஊரில் இருக்கப் பிடிக்காமல்தான் இங்கே வந்தோம்.

இங்கே ஒற்றை அறை. மேலே தகரம். எனக்கு ஒரு சின்னக் கம்பெனியில் ஸ்பிரிங்கை எண்ணிப் பையில் போடும் வேலை. என் வரிசையில் ஒருத்தி கன்னடம் பேசுகிறாள், ஒருத்தி தெலுங்கு, இன்னொருத்தி திருநெல்வேலிப் பக்கம். "சீக்கிரம்" என்பதை மட்டும் எல்லா பாஷையிலும் கற்றுக்கொண்டேன். நாள் முழுக்கக் கையில் ஒட்டுவது எண்ணெய். சோப்புப் போட்டாலும் போகாது. மாம்பழச் சாறு வாயில் வைத்தால் இனிக்கவாவது செய்தது.

ஜமீருக்கு ஷிப்டு இருக்கிறது. அவரை நான் கேட்க மாட்டேன்.

தாஹிரா

*

நாகரசம்பட்டி
4-1-1988

தாஹிரா,

"நீங்கள்" என்று எழுதியிருக்கிறாய். இரண்டு அறை விட்டிருந்தால்கூட வாங்கிக்கொண்டு போயிருப்பேன்.

ஏன் உன்னிடம் சொல்லவில்லை என்று கேட்டாய். சொல்கிறேன். சொன்னால் நீ வேண்டாம் என்பாய். நீ வேண்டாம் என்றால் நான் கேட்டுவிடுவேன். அதற்குப் பயந்துதான் வாயை மூடிக்கொண்டு போனேன். அது தப்புத்தான். தெரிந்து செய்த தப்பு. மன்னித்துவிடு.

ஆனால் கிணற்றை நினைத்துப் பார். இப்போதும் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஊர்க்கோடிக் கைப்பம்புக்கு நடக்கிறேன். காலையில் நாலு நடை, சாயங்காலம் மூன்று. பாதி வழியில் மூச்சு வாங்கும்போதெல்லாம் கம்பெனிக்காரனைத் திட்டுகிறேன். திட்டினால் குடம் கொஞ்சம் கனம் குறைகிறது.

முதலாளியைத் தேடிச் சித்தூர்ப் பக்கத்திலிருந்து ஆள் வந்திருக்கிறது. மெஷினையெல்லாம் மொத்தமாகக் கழற்றிக்கொண்டு போகத் தயாராக இருக்கிறார்களாம். இந்தச் சீசனுக்கும் அனுமதி வராவிட்டால் கொடுத்துவிடுவார். அப்புறம் என் கிணறு பிழைக்கும், உன் மேஜை ஆந்திராவுக்குப் போகும். எனக்கு இரண்டும் வேண்டும். பேராசை என்று சொன்னாலும் சரி.

குழி வெட்டியாயிற்று. பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்தால் தலை சுற்றுகிறது. டிரம்தான் இல்லை. இதற்கு மேல் கெஞ்ச எனக்குத் தெரியாது.

சாந்தம்மா

*

ஓசூர்
2-3-1988

சாந்தம்மா அக்காவுக்கு,

புளி வந்தது. கொட்டை எடுத்து, நார் எடுத்து, உருண்டை பிடித்து அனுப்பியிருக்கிறாய். இதற்கெல்லாம் நான் மசிந்துவிடுவேன் என்று நினைக்காதே.

ஜமீர் உன் ஊருக்கு வந்தது என்னைக் கேட்டு அல்ல. உன் கடிதத்தை அரிசி டின்னுக்குக் கீழே வைத்திருந்தேன். எடுத்துப் படித்துவிட்டார். "ஏம்மா தாஹிரா, அந்தக்கா குழியத் தோண்டி வச்சிக்கிட்டு உக்காந்திருக்குது. நீ போவலன்னா போ, நான் போறேன்" என்று கேஸ் கட்டர், கம்பி, கண்ணாடி எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். நாலு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் அப்பா முகத்தைப் பார்க்கவில்லை. கடைசி முறை வந்தபோது சட்டையெல்லாம் சாண நாற்றம். ஆனால் மனுஷர் பாட்டுப் பாடிக்கொண்டு குளித்தார். இங்கே வந்த பிறகு அவர் பாடி நான் கேட்டதில்லை.

டிரம்முக்குள் விளக்கு வைத்து, வெளியே இருட்டாக்கி, எங்கேயாவது வெளிச்சம் கசிகிறதா என்று நீயும் அவரும் பார்த்தீர்களாம். ஒரு பொட்டு வெளிச்சமும் வரவில்லை என்று நூறு தடவை சொல்லிவிட்டார்.

நம் மேஜை இன்னும் அங்கேயே இருக்கிறதா? கால் ஒன்று ஆடுமே, அதற்கு ஓட்டுச் சில்லு வைத்திருந்தேன்.

உன்னை ஒன்று கேட்க வேண்டும். மனுவில் தோலைக் கொட்டியது யார் என்று ஏதாவது பெயர் எழுதினாயா? சும்மாதான் கேட்கிறேன். பதில் எழுத மறந்துவிட்டாலும் பரவாயில்லை.

தாஹிரா

*

நாகரசம்பட்டி
24-5-1988

தாஹிராவுக்கு,

பெருநாளைக்கு நீ சேமியா கொடுத்து அனுப்புவாய் என்று பார்த்தேன். சரி, அடுத்த வருஷம்.

மனுவில் பெயர் எதுவும் எழுதவில்லை. கம்பெனி என்றுதான் எழுதினேன். வேறு யார் பெயரை எழுதுவேன்?

இதை அழுகையோடு எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் கண்டுகொள்ளாதே. சோதனைக்கு என்று இந்தச் சீசனில் கொஞ்ச நாள் மட்டும் மெஷின் ஓட்ட அனுமதி கொடுத்தார்கள். ஜூன் பதினாறாம் தேதி அதிகாரிகள் வந்து பார்ப்பார்கள். தோல் தொட்டியில் செரித்துக் கேஸ் எரிந்தால் சீசன் முழுக்க ஓடலாம். எரியாவிட்டால் பூட்டு. சித்தூர் லாரி வந்துவிடும்.

பங்குனியில் ஊர்ச் சாணமெல்லாம் சேர்த்துத் தொட்டியை நிரப்பினோம். சித்திரையில் உன் வீட்டுக்காரர் செய்த டிரம் தானாக மேலே எழும்பியது. கேஸ் வந்தது. அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். மே பத்திலிருந்து தோல் போடுகிறோம். வெயிலில் காய்ந்த மாங்கொட்டையை உடைத்துப் பருப்பை எடுக்க ஐந்து பெண்களை உட்கார வைத்திருக்கிறேன். கிருஷ்ணகிரி வியாபாரி லால் பாஷா எண்ணெய் ஆலைக்கு என்று மூட்டை மூட்டையாக எடுத்துப் போகிறார். தோலுக்குத்தான் தொட்டி. ஒரு வாரம் நன்றாக எரிந்தது. எல்லாப் பெண்களுக்கும் அதில்தான் சோறு பொங்கினோம். பிறகு நாளுக்கு நாள் டிரம் இறங்கியது. நேற்று அடுப்பைத் திருகினேன். புஸ் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

என்ன தப்பு என்று தெரியவில்லை. சுண்ணாம்பு போட்டுப் பார்த்தேன். தோலைப் பாதியாகக் குறைத்தேன். பிளாக் ஆபீஸ்காரர், "வீட்டுத் தொட்டியில நல்லா வருதுன்னா இங்கயும் வரணுமே" என்கிறார். இரண்டும் அதே மாம்பழம். அதே சாணம். இங்கே இன்னும் சுத்தமாகவே செய்கிறோம். என் வீட்டில் ஈத் தொல்லை தாங்காது. இங்கே கூடை கூடையாகத் தோல் நிற்கிறது, பெயருக்கு ஒரு ஈ கிடையாது. நீ பழக்கிவிட்டுப் போன பெண்கள்தான். அவ்வளவு நறுவிசு.

கங்கப்பனுக்குக் கோபம் வந்தால் கன்னடத்துக்கு மாறிவிடுவார், தெரியுமே. இரண்டு நாளாக அவர் வாயில் தமிழே வரவில்லை.

சாந்தம்மா

*

ஓசூர்
27-5-1988

சாந்தம்மா அக்கா,

கடிதத்தைப் படித்து முடித்தவுடன், படித்த இடத்திலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். இது கையில் கிடைத்ததும் எழுந்து கம்பெனிக்கு ஓடு.

ஈ ஏன் இல்லை என்று யோசித்தாயா? பிளீச்சிங் பவுடர் தண்ணீர். ஷிப்டு முடிந்ததும் மேஜையையும் கத்தியையும் கழுவுகிற தண்ணீரைச் சாக்கடை வரை தூக்கிக்கொண்டு போகாமல் தோல் கூடையிலேயே ஊற்றுவோமே, மறந்துவிட்டாயா? நான்தான் ஆரம்பித்தேன். நாலு வருஷம் முன்பு, ஈ மொய்க்கிறது என்று கங்கப்பன் என்னைக் காய்ச்சி எடுத்த நாளில். ஊற்றினால் ஈயும் வராது, வாடையும் வராது, நூறு அடி நடையும் மிச்சம். புதிதாக யார் சேர்ந்தாலும் கத்தி பிடிக்கக் கற்றுக் கொடுப்பதற்கு முன்னால் இதைத்தான் கற்றுக் கொடுத்தேன். நீயும் நாலு வருஷம் ஊற்றினாய். கை பழகிப்போனதால் கண்ணுக்குத் தெரியவில்லை.

ஈயைக் கொல்கிற தண்ணீர் தொட்டிக்குள் இருக்கிறதையும் கொல்லும். உன் வீட்டுத் தோலில் அந்தத் தண்ணீர் கிடையாது. வித்தியாசம் அவ்வளவுதான். ஜமீரிடம் கேட்டேன், அவரும் இதுதான் என்கிறார். உள்ளே இருப்பதில் பாதியை வெளியே எடுத்துவிட்டு, உன் வீட்டுத் தொட்டிக் கசடையும் புதுச் சாணத்தையும் ஊற்றச் சொல்கிறார். கொஞ்ச நாள் தோல் போட வேண்டாம். அந்தத் தண்ணீருக்குத் தனி வாளி வை. பெண்கள் முணுமுணுப்பார்கள். தாஹிரா சொன்னாள் என்று சொல்.

இதோடு கடிதத்தை மூடிவிடலாம் என்று இரண்டு முறை மடித்தேன். முடியவில்லை.

போன வருஷம் ஆனி மாதம், நீ உன் நாத்தனார் மகள் கல்யாணத்துக்கு என்று பாரூருக்குப் போய் ஒரு வாரம் இருந்தாய். அப்போது தோல் போடும் பள்ளம் நிரம்பிவிட்டது. "எங்கயாவது தள்ளும்மா" என்றார் கங்கப்பன். இடம் அவர் காட்டவில்லை. பாறைப் பள்ளம் ஒன்று தூரத்தில் இருக்கிறது, உனக்குத் தெரியும். கால்வாய் பக்கத்தில் இருந்தது. பெண்கள் களைத்திருந்தார்கள், எனக்கும் இடுப்பு வலி. கால்வாய் எங்கே போகிறது என்று தெரிந்தும், "இங்கயே கொட்டுங்க, மழ வந்தா அடிச்சிக்கினு போயிரும்" என்றேன். முதல் கூடையைக் கவிழ்த்ததும் நான்தான். ஆறு நாள் அங்கேயே கொட்டினோம். மழை வரவில்லை. டின் கழுவின தண்ணீரே தோலை உன் கிணறு வரை இழுத்துக்கொண்டு போயிற்று.

உன் மனுவை யாரோ படித்துக் காட்டியபோது ஒவ்வொரு வரியும் என்னைப் பற்றித்தான் இருந்தது. பெயர் மட்டும்தான் இல்லை. உன்மேல் கோபித்துக்கொள்வது சுலபமாக இருந்தது. அதனால் கோபித்துக்கொண்டேன். வண்டியில் முகத்தைத் திருப்பிக்கொண்டதும் கோபத்தால் இல்லை, அக்கா. உன் இடுப்பில் முறம் இருந்தது, பக்கத்தில் காலிக் குடம் இருந்தது. அதைப் பார்க்க முடியவில்லை.

தாஹிரா

*

நாகரசம்பட்டி
19-6-1988

தாஹிராவுக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்தது. முதல் பக்கத்தைப் படித்துக்கொண்டே ஓடினேன். இரண்டாம் பக்கத்தை ராத்திரிதான் படித்தேன். அதனால்தான் இத்தனை நாள் பதில் இல்லை.

முதல் பக்கத்துக்கு முதலில் பதில். மேஜை மேஜையாகப் போய்ப் பார்த்தேன். வெங்கடம்மாள் என் கண் முன்னாலேயே வாளியைக் கூடையில் கவிழ்த்தாள். "ஏன்டி ஊத்தறே?" என்றேன். "இதென்னக்கா கேள்வி, எப்பவும் ஊத்தறதுதான?" என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, தலையில் அடித்துக்கொள்ளவும் தோன்றியது. அன்றோடு நிறுத்தினோம். ஜமீர் சொன்னபடியே பாதியை இறைத்து, வீட்டுத் தொட்டிக் கசடை ஊற்றி, ஊரில் மாடு வைத்திருக்கிற ஒரு வீடு விடாமல் சாணம் கேட்டு அலைந்தோம். ஏழு நாள் ஒன்றும் இல்லை. எட்டாம் நாள் ஒரு குமிழி. பத்தாம் நாள் டிரம் எழும்பியது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகத் தோல். இப்போது கூடையில் ஈ மொய்க்கிறது. அதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிற ஒரே பைத்தியம் நான்தான். கூடைக்கு வலை கட்டி மூடி வைத்திருக்கிறோம்.

பதினாறாம் தேதி வந்தார்கள். மூன்று பேர். பெரியவர் தானே குனிந்து அடுப்பைப் பற்ற வைத்தார். நீலமாக எரிந்தது. டின் கழுவுகிற வெந்நீர் அண்டாவை அதில் ஏற்றினோம். அண்டா கொதிக்கும் வரை அவர் நகராமல் நின்றார். கால்வாயையும் நடந்து போய்ப் பார்த்தார். காய்ந்து சுத்தமாகக் கிடந்தது. சீசன் முழுக்க ஓட்டலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கங்கப்பனுக்கு உடனே தமிழ் திரும்பி வந்துவிட்டது.

இனி இரண்டாம் பக்கம்.

எனக்குத் தெரியாது, தாஹிரா. சத்தியமாகத் தெரியாது. அடுத்த நாள் காலையில் கைப்பம்புக்குப் போனேன். பாதி வழியில் வழக்கம்போல் கம்பெனிக்காரனைத் திட்ட வாயெடுத்தேன். அந்தத் திட்டில் பாதி இத்தனை நாளும் உனக்குப் போயிருக்கிறது என்று நினைப்பு வந்தது. குடத்தைக் கீழே வைத்துவிட்டு ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டேன். உன்மேல் இருந்த கோபத்தில் இரண்டு நாள் வீட்டில் எல்லோர்மேலும் எரிந்து விழுந்தேன். இன்னும் முழுக்கப் போகவில்லை. பொய் எழுத எனக்கு வராது. போயிருந்தால் போயிற்று என்று எழுதுவேன்.

ஆனால் நீ அந்த இரண்டாம் பக்கத்தை எழுதாமல் விட்டிருக்கலாம். ஊற்றிய தண்ணீரையும் நான் கண்டுபிடித்திருக்க மாட்டேன், கொட்டிய தோலையும் கண்டுபிடித்திருக்க மாட்டேன். இரண்டையும் நீயே சொன்னாய். அதை மூன்று வாரம் எடைபோட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதிகாரிகள் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்கள். கம்பெனியிலிருந்து வெளியே போகிற ஒவ்வொரு கூடைக்கும் ஒரு ஆள் பொறுப்பு. தோல், கொட்டை, கழுவின தண்ணீர், எது எங்கே போகிறது என்று அந்த ஆள் பதில் சொல்ல வேண்டும். முதலாளி என்னை இருக்கச் சொன்னார். எனக்குக் காடு கழனி இருக்கிறது, எருமை இருக்கிறது, முடியாது என்றேன். அப்படியானால் வேறு யாரைப் போடுவது என்று கேட்டார்.

உன் பெயரைச் சொன்னேன். "அந்தம்மாவா?" என்று கங்கப்பன் இழுத்தார். எங்கே கொட்டக் கூடாது என்று அவளுக்குத் தெரிந்த அளவுக்கு இங்கே வேறு யாருக்கும் தெரியாது என்று சொல்லிவிட்டேன். அவருக்குப் புரிந்திருக்கும். தரையைப் பார்த்துக்கொண்டு சரி என்றார்.

வருவதும் வராததும் உன் இஷ்டம். வேலை வருஷம் முழுக்க உண்டு. சீசன் இல்லாதபோது சாணத்தை வைத்துத் தொட்டியைக் காப்பாற்ற வேண்டும்.

சாந்தம்மா

*

ஓசூர்
24-6-1988

அக்கா,

ஸ்பிரிங் கம்பெனியில் கணக்குத் தீர்த்துக்கொண்டேன். வருகிற வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து கிளம்புகிறோம். ஜமீர் தனக்குக் கிருஷ்ணகிரியிலேயே பட்டறை வேலை பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். பிள்ளைகள் இப்போதே பையைத் தோளில் மாட்டிக்கொண்டு திரிகிறார்கள்.

கோபம் இன்னும் இருக்கிறது என்று எழுதியிருந்தாய். இருக்கட்டும். எதிரில் வைத்துக்கொண்டு திட்டினால் சீக்கிரம் தீரும்.

ஞாயிற்றுக்கிழமை உன் கிணற்றைத் தூர் வாருகிறோம். தண்ணீர் இறைக்க ஜமீர் ஆயில் என்ஜின் ஒன்று இரவல் பேசி வைத்திருக்கிறார். போன வருஷத் தோலெல்லாம் அடியில் சேறாக உட்கார்ந்திருக்கும். கூலிக்கு யாரையும் கூப்பிடாதே. உள்ளே இறங்கி அள்ளப் போவது நான். வெங்கடப்பன் அண்ணன் கயிறும் கூடையும் எடுத்து வைத்தால் போதும். நீ மேலே நின்று கூடையை வாங்கிக் கொட்டு.

எங்கே கொட்டுவது என்று நான் சொல்கிறேன்.

தாஹிரா